முழங்கால் படம்

அசையக் கூடாது. வேறு ஒன்றும் செய்ய வேண்டாம், மூச்சு தாராளமாக விடலாம், கண்ணை மூடலாம் திறக்கலாம், கால் மட்டும் அசையவே கூடாது என்று சொல்லிவிட்டு ஸ்கேன் எடுக்கிற லூப்பே அக்கா கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். முதலில் ஸ்பானிஷில் சொன்னாள். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது என்று நான் ஸ்பானிஷில்தான் பதில் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அந்த மொழியில் நான் சுத்தமாகப் படித்துக்கொண்ட வாக்கியம் அது ஒன்றுதான், அவ்வளவு சுத்தமாக வருவதால் ஒருவரும் நம்புவதில்லை. அவளும் நம்பவில்லை. கன்னத்தில் தட்டி ஏதோ செல்லமாகச் சொல்லி, காதில் பெரிய ஹெட்போனை மாட்டி, ட்ரம்பெட் முழங்குகிற ஒரு மெக்ஸிகோ பாட்டையும் போட்டுவிட்டாள். கையில் கட்டியிருக்கிற பட்டையில் பிரின்ஸ்லி மச்சாடோ என்று அச்சடித்திருக்கிறது, நிறம் மாநிறம், ஊர் மேற்கு டெக்ஸாஸ், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. போர்ச்சுக்கீசியர்கள் தூத்துக்குடியில் எங்கள் முன்னோர் தலையில் ஞானஸ்நானத் தண்ணீரோடு சேர்த்து ஊற்றிவிட்டுப் போன பெயர் அது என்பதை எத்தனை பேருக்குத்தான் விளக்குவது. வலது முழங்காலை ஒரு பிளாஸ்டிக் கூண்டில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். இடுப்பு வரைக்கும் ஸ்கேன் குழாய்க்குள், தலையும் நெஞ்சும் வெளியே. கையில் ஒரு சின்ன ரப்பர் பந்து, பயம் வந்தால் அமுக்க வேண்டுமாம், மணி அடிக்குமாம். என் நேர் மேலே, கூரை விளக்கில், நோயாளிகள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று ஒரு கடற்கரைப் படத்தை ஒட்டியிருக்கிறார்கள், நீலத் தண்ணீர், வளைந்த தென்னை, ஒரு ஆள்கூட இல்லை. ஆள் இல்லாத கடற்கரையை நான் பார்த்ததே கிடையாது. மூக்கு அரிக்கிறது. அரிக்கவில்லை. அரிக்கவில்லை என்று நினைத்தால் அரிக்காது. அரிக்கிறது.

தொடங்கிவிட்டது. டக் டக் டக் டக் என்று யாரோ தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து ஆணி அடிக்கிற மாதிரி, ட்ரம்பெட்காரர்களும் விடாமல் ஊதுகிறார்கள், நல்லது, சத்தம் பெரிதாக இருக்க இருக்க அந்த இன்னொரு சத்தம் கேட்காது. கேட்கிறது. டப். போன சனிக்கிழமை ஆட்டத்தில் என் முழங்காலுக்குள் கேட்ட சத்தம். வெளியே கேட்டதா உள்ளே கேட்டதா என்று தெரியாது, வெளியே இரண்டாயிரம் பேர் கத்திக்கொண்டிருந்தார்கள், ஆகவே உள்ளேதான். என்ன மாதிரி சத்தம் என்று டீம் டாக்டர் ஹாலோவே கேட்டபோது எனக்குச் சட்டென்று வாயில் வந்தது வெண்டைக்காய். கடையில் அம்மா ஒவ்வொன்றாக நுனியை ஒடித்துப் பார்த்து எடுப்பாளே, அந்தச் சத்தம். டாக்டர் சிரிக்கவில்லை. டெக்ஸாஸ்காரர், வெண்டைக்காய் தெரிந்தவர், தலையை மட்டும் மெதுவாக ஆட்டினார், அந்த ஆட்டலைத்தான் மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒடிகிற வெண்டைக்காய் நல்ல வெண்டைக்காய். முற்றிப்போனது ஒடியாது, வளையும். அப்படிப் பார்த்தால் என் முழங்கால் பிஞ்சு, நல்ல செய்திதானே? இல்லை, ஒடிந்துபோயிற்று என்றால் ஒடிந்துபோயிற்று. டாக்டர் ஏன் தலையை அவ்வளவு மெதுவாக ஆட்டினார்? கழுத்து வலியாக இருக்கும். வயசானவர்.

நான் வலது பக்கம் திரும்பினேன், அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. இடது பக்கம் திரும்பியிருக்கலாம். இடது பக்கம் மலாக்கி இருந்தான், எப்போதுமே இடது பக்கம்தான் மலாக்கி இருப்பான், நூற்றைம்பது கிலோ, குழந்தைகள் பள்ளிக்கு டீச்சராகப் போகப் படித்துக்கொண்டிருக்கிறான். எனக்கு முன்னால் ஓடி, என்னைப் பிடிக்க வருகிறவர்களை முட்டித் தள்ளி வழி உண்டாக்குவது அவன் வேலை. அந்த வழியில் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுவது என் வேலை, அதற்குப் பெயர் ரன்னிங் பேக். எதிராளிகள் பதினொரு பேருக்கும் ஒரே குறிக்கோள், என்னை மண்ணில் சாய்ப்பது. கபடியில் ஏறிப் போகிறவனை அமுக்குவது மாதிரிதான், ஆனால் இங்கே நான் ஒரு கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டியதில்லை, முன்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும், மைதானம் முடிகிற வரைக்கும். சனிக்கிழமை வலது பக்கம் ஒரு இடைவெளி தெரிந்தது. அழகான இடைவெளி, அதற்குள் புல் தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததற்குள் கால் வைத்தேன், பக்கவாட்டில் ஒருவன் ஹெல்மெட்டோடு வந்தான். டப். மற்றவர்கள் ஸ்ட்ரெச்சருக்குக் கை காட்டிக்கொண்டிருக்க, மலாக்கி குனிந்து என்னைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டு நடந்தான். "அழாத பி, அழுதா எனக்கும் அழுக வரும், நான் அழுதா பாக்க நல்லாருக்காது" என்றான், பிரின்ஸ்லியில் அவனுக்கு முதல் எழுத்து போதும். நான் அழவில்லை. அவன்தான் அழுதான். பார்க்க நன்றாகவே இருக்கவில்லை.

கண்ணை மட்டும் இடது பக்கம் உருட்டினால் கண்ணாடி ஜன்னல் தெரிகிறது. அதற்குப் பின்னால் கம்ப்யூட்டர் முன்னால் லூப்பே அக்கா, அவள் தோளுக்கு மேலே டாக்டர் ஹாலோவே, அவருக்குப் பின்னால், உள்ளேயே விடக்கூடாத இரண்டு பேர், மலாக்கியும் அப்பாவும். சின்ன ஊர் ஆஸ்பத்திரி, அம்மா இங்கே மூன்றாம் மாடியில் நர்ஸ், அப்பா கையில் மக்ரூன் டப்பா, அப்புறம் யார் தடுக்கப் போகிறார்கள். அப்பா தூத்துக்குடியில் பேக்கரியில் இருந்தார், இங்கே சூப்பர் மார்க்கெட் பேக்கரியில் இருக்கிறார். முட்டை வெள்ளையையும் முந்திரியையும் இந்த வறண்ட காற்றில் எப்படிக் கூம்பாக நிற்க வைப்பது என்று கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு குளிர்காலம் பிடித்தது. இப்போது டாக்டரிடம் டப்பாவை நீட்டுகிறார். டாக்டர் வேண்டாம் என்று கை காட்டுகிறார். அப்பா விடமாட்டார். டாக்டர் எடுத்துக்கொண்டார். திரையைப் பார்த்துக்கொண்டே மெல்லுகிறார், இப்போது அவர் முகம் சுருங்கினால் அது என் முழங்காலுக்காகவா மக்ரூனுக்காகவா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? அப்பா, கொஞ்சம் பொறுத்துக் கொடுத்திருக்கக் கூடாதா? மலாக்கி கண்ணாடியில் முகத்தை அப்பி மூக்கைத் தட்டையாக்கிக் காட்டுகிறான். சிரிக்கக் கூடாது. சிரித்தால் வயிறு குலுங்கும், வயிறு குலுங்கினால் கால், சிரிக்கக் கூடாது, கடற்கரையைப் பார், தென்னையைப் பார்.

சத்தம் மாறிவிட்டது, இப்போது வண்டு குடைகிற மாதிரி. அப்பாவுக்கு இந்த ஆட்டமே முதலில் பிடிக்கவில்லை. துறைமுக மைதானத்தில் வெறுங்காலோடு ஆடிய ஆள், காலால் உதைப்பதுதான் அவருக்கு ஃபுட்பால். "கையில தூக்கிட்டு ஓடுறதுக்கு ஃபுட்பால்னு பேரு வச்சிருக்கானுவளே, இவனுவளுக்குக் கை எது கால் எதுன்னு தெரியாதாலே?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது, எனக்கு அப்போது பதிமூன்று வயசு, அம்மாவுக்கு நர்ஸ் வேலை கிடைத்து நாங்கள் வந்து இறங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பீரியடில் எல்லோர் இடுப்பிலும் இரண்டு துணிப் பட்டையைச் செருகி, கையில் அந்த முட்டை வடிவப் பந்தைக் கொடுத்து ஓடு என்றார்கள். யாராவது பட்டையை உருவினால் நான் அவுட். ஒருத்தனும் உருவவில்லை. எப்படி என்று எனக்குப் புரியவே இல்லை, நான் ஒன்றும் பெரிய வேகம் இல்லை. அப்புறம் யோசித்தேன். பனிமய மாதா கோயில் திருவிழாவில் அப்பாவின் பேக்கரி ஸ்டாலுக்கு நான்தான் தட்டுத் தட்டாக மக்ரூன் கொண்டுபோவேன், சப்பரம் பார்க்க முண்டுகிற அந்தக் கூட்டத்துக்குள், தட்டு சாயாமல், ஒரு கூம்பு உடையாமல். யாருடைய தோள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று கூட்டத்தில் முதலில் சொல்லிவிடுவது இடுப்பு. முகம் பொய் சொல்லும். அதைத்தான் இங்கேயும் பார்த்தேன். கோச் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு "நீ எந்த ஊர்?" என்றார். சொன்னேன். "அது மெக்ஸிகோவில் எந்தப் பக்கம்?" என்றார்.

அப்பா அதற்கப்புறம் மாறிவிட்டார். மாறினது என்ன, தலைகீழாகப் போய்விட்டார். சனிக்கிழமைகளில் என் கல்லூரி மைதானத்தில் மெக்ஸிகோக்காரக் குடும்பங்கள் உட்கார்கிற பக்கம்தான் அவருக்கு இடம், அவர்களும் மச்சாடோ எங்கள் பையன் என்கிறார்கள், இவரும் மறுக்கவில்லை, அவர்கள் கொண்டுவருகிற சோள ரொட்டியைத் தின்றுவிட்டு மக்ரூனைக் கொடுக்கிறார். நடுவர் தப்பாக விசில் அடித்தால் இவர் தமிழில் வைகிறார், அவர்கள் ஸ்பானிஷில் வைகிறார்கள், நடுவருக்கு இரண்டும் புரியாததால் யாருக்கும் மனவருத்தம் இல்லை. அம்மாதான். அம்மா வந்தது ஒரே ஒரு ஆட்டத்துக்கு, பள்ளிக்கூடத்தில் என் முதல் ஆட்டம். முதல் தடவை என்னைச் சாய்த்தபோதே எழுந்துவிட்டாளாம், என் மேல் நாலு பேர் கிடந்தார்கள், அவள் கம்பி வேலியைத் திறந்துகொண்டு மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டாள். "நான் நர்ஸ், நான் நர்ஸ்" என்று ஓடி வருகிறாள், பின்னாலேயே காவலாள். நான் எழுந்து நின்று, "ஒண்ணுமில்லம்மா, இதான் ஆட்டம்" என்றேன். "இதா?" என்றாள். அவ்வளவுதான், அதோடு சனிக்கிழமை டூட்டியாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் ஒரே கேள்வி, தலையில அடிபட்டுச்சா. டார்ச்சைக் கண்ணில் அடித்துப் பார்ப்பாள், விரலைக் காட்டி எத்தனை என்பாள், நான் வேண்டுமென்றே ஏழு என்பேன், முதுகில் ஒன்று விழும். அப்புறம் சோறு.

ஆனால் அந்த ஜெபம். அதை நினைக்க வேண்டாம் என்றுதான் வெண்டைக்காயையும் மக்ரூனையும் நினைத்துக்கொண்டிருந்தேன், வந்துவிட்டது. பள்ளிக்கூடக் கடைசி வருஷம், கல்லூரியில் ஆடக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்ன அன்று, மாதா படத்துக்கு முன்னால் அவள் முட்டிபோட்டு வாய்விட்டு ஜெபித்ததைக் கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டேன். "பெருசா ஒண்ணும் வேண்டாம் தாயே, சின்னதா ஏதாவது ஒண்ணு கொடு, ஆட்டம் வேண்டாம்னு வைக்கிற அளவுக்கு மட்டும். கையோ காலோ. தலை வேண்டாம்." சின்னதாக ஏதாவது ஒன்று. கையோ காலோ. நான் கோபப்படவில்லை, சிரிப்புத்தான் வந்தது, மளிகைக் கடையில் அளவு சொல்லிக் கேட்கிற மாதிரி கேட்டாளே என்று. மாதா இத்தனை வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, போயும் போயும் கல்லூரியின் கடைசி சீசனில், இன்னும் இரண்டே ஆட்டம் மிச்சம் இருக்கும்போதா கொடுப்பாள்? கொடுத்துவிட்டாள் என்றால் அம்மா என்ன ஆவாள்? சந்தோஷப்படுவாளா? ஜெபத்தை நான் கேட்டது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாமலே அவள் என் முகத்தைப் பார்க்க முடியாமல் போய்விட்டால்? சனிக்கிழமை ராத்திரி முழங்காலில் ஐஸ் வைக்கும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. தலையில் அடிபட்டதா என்றுகூடக் கேட்கவில்லை. கையில் இருக்கிற ரப்பர் பந்தை அமுக்கிவிடப் பார்த்தேன். இல்லை, இல்லை, லேசாகத்தான் பிடித்திருக்கிறேன், மணி அடிக்கவில்லை. பந்தை இறுக்கிப் பிடிப்பது பழக்கம்.

கல்லூரியில் முதல் இரண்டு வருஷம் எனக்குப் பந்தே கொடுக்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கொடுத்தார்கள், பயிற்சியில். வரப்போகிற சனிக்கிழமை எதிராளி டீமின் ரன்னிங் பேக் எப்படி ஓடுவானோ அப்படி நான் ஓடிக் காட்ட வேண்டும், எங்கள் ஆட்கள் என்னைப் பிடித்துப் பிடித்துப் பழகுவார்கள். ஒரு வாரம் நான் தோளை முன்னால் போட்டு முட்டுகிற தடியன், மறுவாரம் நின்று நின்று ஓடுகிற ஒல்லியன், இன்னொரு வாரம் இடது கைக்காரன். வாராவாரம் நான் வேறு ஒருத்தன். சனிக்கிழமை அந்த நிஜ ஆள் மைதானத்தில் ஓடும்போது நான் பெஞ்சில் உட்கார்ந்து, அடேய் நீ இப்போ நிக்கணும்டே, இப்போ நில்லு என்பேன், அவன் நிற்பான், எனக்கு ஒரே ஆனந்தம். மலாக்கியும் அப்போது பெஞ்சுதான். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் பெஞ்சின் அந்த மூலை தாழ்ந்து நான் அவன் பக்கம் சறுக்குவேன். அப்படித்தான் சிநேகிதம் ஆனோம். "நீ எல்லார் மாதிரியும் ஓடுற, உன்ன மாதிரி எப்ப ஓடப் போற?" என்று ஒரு நாள் கேட்டான். என்னை மாதிரி எப்படி ஓடுவது என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. வீட்டு வழியில் யாருமில்லாதபோது இரண்டு மூன்று தடவை ஓடிப் பார்த்தேன். தெரியவில்லை.

மூன்றாம் வருஷம், மழை, எங்கள் முதல் ரன்னிங் பேக்குக்குக் காய்ச்சல், இரண்டாவது ஆளுக்குக் கால் சுளுக்கு. போ என்றார் கோச். இதுதான், இந்த இடத்தில்தான் எப்போதும் சிக்கிக்கொள்கிறேன். பந்தைப் பின்னால் வாங்கி எனக்குத் தருகிறவன், குவார்ட்டர் பேக், அவன் என் வயிற்றில் பந்தைத் திணித்தது நினைவிருக்கிறது, தோல் ஈரமாக வழுக்கியது. முன்னால் மலாக்கியின் முதுகு, அதில் மழைத் தண்ணீர் ஓடியது. அப்புறம் ஒன்றும் இல்லை. அப்புறம் நான் மைதானத்தின் மறுகோடியில், கோட்டுக்கு அப்பால், மண்டியிட்டு, வாயில் புல். நடுவில் எண்பது கஜம் இருக்கிறது. என் வாழ்க்கையிலேயே நீளமான ஓட்டம், நான் அதில் இல்லை. வீடியோவில் பார்த்தேன், எத்தனையோ தடவை பார்த்தேன், ஒரு ஒல்லிப் பையன் ஒருத்தனை இடுப்பால் ஏமாற்றுகிறான், இன்னொருத்தன் கைக்குள்ளேயே போய் வெளியே வருகிறான், அதற்கப்புறம் அவனுக்குப் பின்னால் யாருமில்லை. நல்லா ஓடுறாம்லே என்று யாரையோ சொல்வது மாதிரிதான் சொல்லத் தோன்றுகிறது. அவனுக்கு வெகு பின்னால், தன் வேலை முடிந்த பிறகும், மலாக்கி மூச்சு வாங்க ஓடி வருவது தெரிகிறது, ஓடி வந்து கோட்டைத் தாண்டியதும் மல்லாக்க விழுகிறான், மழையில் வாயைத் திறந்துகொண்டு சிரிக்கிறான். ஏன் ஓடி வந்தாய் என்று கேட்டேன். "இவ்ளோ தூரம் நான் வழி போட்டுக் கொடுத்து யாரும் இதுவரைக்கும் போனதில்ல, போய்ச் சேந்த எடம் எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்" என்றான். மைக்கில் மச்சாஆஆடோ என்று இழுத்தார்கள். அப்பா கையிலிருந்த குடையைத் தூக்கி எறிந்து, அது வரிசை வரிசையாகக் கீழே போய், யாரோ ஒரு பாட்டியம்மாள் அதை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு வீட்டில் டார்ச் வெளிச்சத்துக்கு நடுவே, "எண்பது கஜம் ஓடுனேம்மா, ஒருத்தனும் புடிக்கல" என்றேன். "அப்போ தெனமும் அப்படி ஓட வேண்டியதான? எதுக்குப் போயி அவனுவ கையில அம்புடுத?" என்றாள்.

எதற்குப் போய் அகப்படுகிறேன்? நல்ல கேள்வி. இந்த இரண்டு வருஷமும் அதற்குப் பதில் தேடித்தான் ஓடினேன் என்று சொல்லலாம், சொன்னால் கோச் சிரிப்பார். அந்த மாதிரி இன்னொரு ஓட்டம் வரவில்லை. நாலு கஜம், மூன்று கஜம், ஆறு, ஒன்றுமில்லை, மறுபடி நாலு. இதுதான் என் ஆட்டம், இதுவே பிடித்தும் போயிற்று, நாலு கஜம் எடுத்து விழுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது, மலாக்கி கை கொடுத்துத் தூக்குவான், மறுபடி போவோம். எங்கள் கல்லூரியிலிருந்து டிவியில் வருகிற பெரிய டீமுக்கு யாரும் போனதில்லை, நானும் போகப் போவதில்லை, அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. வைகாசி வாக்கில் படிப்பு முடியும், நிலத்தடி நீர் அளக்கிற ஒரு கம்பெனியில் வரச் சொல்லியிருக்கிறார்கள், தொப்பி போட்டுக்கொண்டு வெயிலில் கிணறு கிணறாகப் போக வேண்டும், பிடித்த வேலைதான். அப்படியானால் எதற்கு இந்தப் பயம்? முழங்கால் போனாலும் இரண்டு ஆட்டம்தான் போகிறது. இரண்டே ஆட்டம். இந்தச் சனிக்கிழமை இங்கே, அடுத்த சனிக்கிழமை வெளியூரில், அப்புறம் உலகத்தில் யாரும் என் வயிற்றில் பந்தைத் திணிக்கப் போவதில்லை. அதுவா பயம்? இல்லை. கடைசியாக என் கணக்கில் இருப்பது அந்த டப் சத்தமாகப் போய்விடுமோ என்பதுதான். எட்டு வருஷம் ஓடிவிட்டு ஒரு வெண்டைக்காய்ச் சத்தத்தோடு முடிவது. ஒரு கஜமாவது, விழுந்தாவது, என் காலால் நானே எழுந்து வெளியே நடந்து வந்து முடிய வேண்டும். அது அவ்வளவு பெரிய ஆசையா? மாதாவிடம் கேட்கலாம்தான். அம்மா ஏற்கெனவே ஒன்று கேட்டு வைத்திருக்கிற இடத்தில் போய் நான் அதற்கு எதிராக இன்னொன்று கேட்டால் மாதாவுக்குத்தான் சங்கடம்.

கண்ணை உருட்டிப் பார்த்தேன். ஜன்னலில் அம்மா. நீல யூனிஃபார்ம், கழுத்தில் அடையாள அட்டை, மூன்றாம் மாடியிலிருந்து ஓடி வந்திருக்க வேண்டும், நெஞ்சு ஏறி இறங்குகிறது. மலாக்கி ஒதுங்கி இடம் விட்டான், அவன் ஒதுங்கினதில் அப்பா காணாமல் போய்விட்டார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்க்கிறாள். குனிகிறாள். விரலை வைத்து எதையோ காட்டுகிறாள். டாக்டர் ஏதோ சொல்கிறார், அவள் தலையாட்டுகிறாள், மெதுவாக, அன்றைக்கு அவர் ஆட்டினது மாதிரியே. அம்மாவுக்குக் கழுத்து வலி கிடையாது. என்னைப் பார்க்கமாட்டேன் என்கிறாள். பார்க்க முடியவில்லையோ. அம்மா, இங்கே பார், கால்தானே, நீ கேட்டது கால்தானே, பரவாயில்லை, உன் ஜெபம் என் காதில் விழுந்ததைச் சொல்லமாட்டேன், சத்தியமாகச் சொல்லமாட்டேன், சும்மா இங்கே பார். தென்னை மங்கலாகிறது. கண்ணில் தண்ணீர், அது காதுக்குள் வடிகிறது, ஹெட்போனுக்குள், ட்ரம்பெட்டுக்குள், துடைக்க முடியாது, மூக்கு மறுபடி அரிக்கிறது, சிரிப்பாகவும் வருகிறது. சத்தம் நின்றுவிட்டது. படுக்கை தானாக வெளியே நகர்கிறது.

லூப்பே அக்கா கூண்டைத் திறந்தாள், அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா உள்ளே வந்துவிட்டாள், பின்னால் டாக்டர், அப்பா, கதவை அடைத்துக்கொண்டு மலாக்கி. அம்மா என் முழங்காலுக்குமேல் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது.

"அறுபடல" என்றாள். "உள்பக்கத்து நாருல கொஞ்சம் நூல் விட்டிருக்கு. மத்தபடி எல்லாம் கட்டுறுதியா இருக்கு. நான் கண்ணால பாத்தேன்."

"இந்தச் சனிக்கிழமை ஆட முடியாது" என்றார் டாக்டர், வாயில் முந்திரி ஒட்டியிருந்தது. "அதுக்கடுத்த ஆட்டம்..."

"அதுக்கடுத்ததுல ஓடலாமாம்" என்றாள் அம்மா. "வீக்கம் வடியணும், கட்டுப் போட்டு ஓடணும். நாந்தான் கேட்டேன் அவருட்ட. ரெண்டு தடவ கேட்டுட்டேன்."

அவள் இப்போது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நேராக. கண் சிவந்திருந்தது.

"நீயாம்மா கேட்ட?"

"பின்ன யார் கேப்பா? ஒங்கப்பா மக்ரூன் குடுத்துட்டு நிக்காரு." யூனிஃபார்ம் கையால் என் காதோரத் தண்ணீரைத் துடைத்தாள், மூக்கையும் சேர்த்து, ரெண்டு வயசுப் பிள்ளைக்குத் துடைப்பது மாதிரி. "மூணு ராத்திரியா ஒறங்கலலே நானு. ஐஸ் வைக்கையில நீ மொகட்டையே பாத்துட்டுக் கெடந்தியா, எனக்குத் தாங்கல. ஆடி முடிச்சிட்டு விடு, என்ன? ஒன் இஷ்டத்துக்கு ஆடி முடிச்சிட்டு விடு." பிறகு அப்பா பக்கம் திரும்பி, "அந்த ஆட்டம் எந்த ஊர்ல?" என்றாள்.

"கான்சாஸ்ல" என்றார் அப்பா. "இருட்டோட கெளம்புனாத்தான் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். நம்ம கார் தாங்குமோ என்னமோ."

"தாங்கும். நான் லீவு சொல்லிருதேன். புளிச்சோறு கட்டிக்கிடுவோம்."

"ஒனக்கு அங்க உக்காந்து பாக்க முடியுமா, ஜெசிந்தா?" அப்பாவின் குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

அம்மா மலாக்கியை அண்ணாந்து பார்த்தாள், முதல் தடவையாகப் பார்ப்பது போல, தோளிலிருந்து தோள் வரைக்கும். "இந்தப் பெரிய பிள்ள ஆட்டத்துல என்ன செய்வான்?" என்று என்னிடம் கேட்டாள்.

"எனக்கு முன்னால ஓடுவான். என்னப் புடிக்க வாறவனுவள எல்லாம் தள்ளி விடுவான்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

"இத ஏம்லே எங்கிட்ட இவ்வளவு நாளா சொல்லல?" என்றாள். அவன் முழங்கையைப் பிடித்து, அவள் கைக்கு அது பாதிகூட அடங்கவில்லை, ஆங்கிலத்தில் கேட்டாள், "தம்பி, நீ காரம் சாப்பிடுவியா?"

மலாக்கி தொப்பியைக் கழற்றிவிட்டு, "எதுனாலும் சாப்பிடுவேன் மேடம்" என்றான்.